செல்லாத தாலி

2025 மார்ச்சில் ஒரு காணொளி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டியை ஒட்டிய மலைக்கிராமம். பதினான்கு வயதுப் பெண்ணைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறார்கள். அவள் கதறுகிறாள், கைகாலை உதறுகிறாள். தூக்கிப் போனது முன்பின் தெரியாத கும்பல் இல்லை. அவளுக்குத் தாலி கட்டிய இருபத்தொன்பது வயது ஆளும் அவனுடைய அண்ணனும்தான் என்றது காவல்துறை. அதற்குச் சில நாள் முன்புதான் பெங்களூரில் வைத்துக் கல்யாணத்தை முடித்திருந்தார்கள். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பெண். ஊர் திரும்பியதும் அவனோடு வாழ மாட்டேன் என்று சொல்லிவிட்டு உறவினர் வீட்டில் போய் இருந்துகொண்டாள். அங்கிருந்துதான் தூக்கி வந்தார்கள். காணொளி பரவிய பிறகு வழக்கு, கைது எல்லாம் நடந்தன. கைதானவர்களில் பெண்ணைப் பெற்ற தாயும் ஒருவர்.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் அதைப் பார்த்தவர்கள் இரண்டு வார்த்தை சொன்னார்கள். ‘ஐயோ பாவம்’ என்பது ஒன்று. ‘இந்தக் காலத்திலும் இதெல்லாம் நடக்கிறதா?’ என்பது இன்னொன்று. முதல் வார்த்தையில் குறை காண ஒன்றுமில்லை. இரண்டாவதில் இருக்கிற ஆச்சரியம்தான் உறுத்துகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயது வரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்குப் பதினெட்டு நிறையும் முன்பே கல்யாணமாகிவிட்டது. இந்தியா முழுவதற்கும் அது 23.3 சதவீதம். நம் கணக்கு பாதிதானே என்று ஆறுதல் தேடலாம். லஸ் முனையில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோவில் எட்டு இளம்பெண்கள் ஏறினால் அதில் ஒருத்தி என்பதுதான் அந்தப் பாதிக் கணக்கு.

ஆகவே தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். குழந்தைக்குச் செய்யும் கல்யாணத்தைத் தடை செய்தால் மட்டும் போதாது. அது கல்யாணமே இல்லை, ஆரம்பம் முதலே செல்லாது என்று சட்டம் வாய்திறந்து சொல்ல வேண்டும். நம் சட்டம் இன்னும் அதைச் சொல்லவில்லை. படித்தவர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

சட்டம்தான் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 1929 முதல் இருக்கிறது. அஜ்மீரைச் சேர்ந்த ஹர்பிலாஸ் சார்தா கொண்டுவந்த சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று வயதை வைத்தது. மீறியவனுக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம், பெரியவனாக இருந்தால் ஒரு மாதம் வரை வெறுங்காவல். ஆனால் கட்டிய தாலியை அது தொடவில்லை. தண்டனையை அனுபவித்துவிட்டு வந்தவன் வீட்டில் அதே சிறுமி அதே மனைவியாக இருந்தாள். 1978-ல் வயது பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று என்று உயர்ந்தது; தாலி நின்றது. 2006-ல் புதிய குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்து, தண்டனை இரண்டு ஆண்டு, ஒரு லட்சம் ரூபாய் என்று ஏறியது. அப்போதும் தாலி நின்றது. கடத்தி வந்தோ, பலவந்தமாகவோ ஏமாற்றியோ அழைத்து வந்தோ, விலைக்கு விற்றோ செய்த கல்யாணம் செல்லாது. நீதிமன்றத்தின் தடையை மீறிச் செய்ததும் செல்லாது. பெற்றவர்களே உட்கார்ந்து பேசி, வெற்றிலைபாக்கு மாற்றி, பத்திரிகை அடித்துச் செய்தால்? அது குற்றம், ஆனால் செல்லும். அந்தப் பெண்ணே நீதிமன்றத்துக்குப் போய் ரத்து செய்யும்படி கேட்கும் வரை செல்லும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2011-ல் இதைப் பரிசீலித்து, ரத்து செய்யத்தக்கது என்றுதான் சொன்னது. சட்டத்தில் எழுதியிருப்பது அவ்வளவுதான்.

கேட்பதற்கும் கெடு உண்டு. பதினெட்டு நிறைந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். அதற்கு முன்பே கேட்பதென்றால் காப்பாளரோ வேறொரு பெரியவரோ குழந்தைத் திருமணத் தடை அலுவலரோடு சேர்ந்து கேட்க வேண்டும். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பதினாலில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பத்தொன்பதில் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. கையில் காசில்லை. பிறந்த வீட்டுக்குப் போனால், உன் வீடு அதுதான் என்று பஸ் ஏற்றிவிடுகிறார்கள். அவள் மாவட்டத் தலைநகருக்குப் போய், வக்கீல் பிடித்து, பள்ளிச் சான்றிதழ் தேடி எடுத்து, தன் கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்க வேண்டுமாம். செய்தவர்கள் பெரியவர்கள். கழற்றுகிற பாரம் மட்டும் குழந்தையின் தலையில்.

கர்நாடகம் இந்த ஓட்டையை அடைத்துவிட்டது. 2017 முதல் அங்கே நடக்கும் குழந்தைக் கல்யாணம் ஆரம்பம் முதலே செல்லாது. அஞ்செட்டிப் பெண்ணுக்குத் தாலி ஏறியது பெங்களூரில் என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு கயிறாக இருந்தது, ஓசூருக்கு இந்தப் பக்கம் வந்ததும் தாலியாகிவிடுகிறது. சட்ட நுணுக்கம் தெரிந்தவர்கள் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள். தோளில் கிடந்து கதறுகிறவளுக்கு அந்த விளக்கம் எதற்கு ஆகும்?

மலைக்கிராமம், வறுமை, படிப்பில்லை என்று பட்டியல் போட்டுத் தள்ளிவிடவும் முடியாது. சிதம்பரத்தில் தீட்சிதர் குடும்பங்களில் குழந்தைத் திருமணம் நடந்ததாக 2022-ல் வழக்குகள் பதிவாகிக் கைதுகளும் நடந்தன. 2023 மே மாதம் ஆளுநர் ஆர்.என். ரவி அவை பொய்ப் புகார்கள் என்றார்; அந்தச் சிறுமிகளுக்குச் செய்யக் கூடாத மருத்துவப் பரிசோதனை நடந்தது என்றும் சொன்னார். காவல்துறைத் தலைவர் மறுத்தார். வழக்கின் மெய்பொய் நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆனால் அந்த நாட்களில் தொலைக்காட்சியில் என்ன பேசினோம்? ஆளுநரா அரசா, கோயிலா அறநிலையத்துறையா என்று பேசினோம். பெண்ணுக்கு எத்தனை வயது என்ற ஒரு கேள்வி மட்டும் எந்தக் கட்சிக்கும் வேண்டியிருக்கவில்லை.

மயிலாப்பூர் இதில் ஒதுங்கி நின்று உச்சுக்கொட்டும் தகுதியை இழந்து நூறு ஆண்டுக்கு மேலாகிறது. லஸ் சர்ச் சாலையில் ரானடே நூலகம் இருக்கும் கட்டடத்தில் சீனிவாச சாஸ்திரி அரங்கம் இருக்கிறது. கச்சேரிக்கும் புத்தக வெளியீட்டுக்கும் போகிறவர்கள், அந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1914-ல் சென்னைச் சட்டமன்றத்தில் என்ன கேட்டார் என்று யோசித்திருக்க மாட்டார்கள். குழந்தைக் கல்யாணத்தைத் தடை செய்யுங்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை. பெண் பெரியவளான பிறகு ஒருவர் விரும்பிக் கல்யாணம் செய்துகொடுத்தால் அதுவும் செல்லும் என்று மட்டும் சட்டம் சொல்லட்டும் என்றார். அவ்வளவு சிறிய கோரிக்கை. அதற்கே வைதிகர்கள் திரண்டு எழுந்தார்கள். மசோதா கரை சேரவில்லை. அதே சாஸ்திரி முப்பது ஆண்டு கழித்து மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரியில் ராமாயணச் சொற்பொழிவு ஆற்றியபோது ஊரே கூடிக் கேட்டது. அவருடைய ராமாயணம் இனித்தது, மசோதா மட்டும் கசந்தது.

1928-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதே சட்டமன்றத்தில் பெண்ணுக்குப் பதினாறு, ஆணுக்கு இருபத்தொன்று என்று வயது வைக்கப் பரிந்துரைத்துத் தீர்மானம் கொண்டுவந்தார். பிரசவ அறையில் பார்த்ததை வைத்துப் பேசினவர் அவர். டெல்லியில் சார்தா மசோதா வந்தபோது, எம்.கே. ஆச்சாரியார் போன்றவர்கள் நம் மாகாணத்திலிருந்து போய் எதிர்த்தார்கள். சாஸ்திரத்தில் அரசு தலையிடக் கூடாது. மக்கள் மனம் மாறினால் தானாகச் சரியாகிவிடும். சட்டம் போட்டுச் சமூகத்தைத் திருத்த முடியாது. இந்த மூன்றையும் இன்றைக்கும் டிசம்பர் சீசனில் கேன்டீன் வாசலில் காபி ஆற்றிக்கொண்டே சொல்கிறவர்கள் உண்டு. சட்டம் நிறைவேறியது 1929 செப்டம்பரில்; நடைமுறைக்கு வந்தது 1930 ஏப்ரல் 1-ல். நடுவில் கிடைத்த ஆறு மாதத்தில் மனம் மாறியவர்கள் எத்தனை பேரோ தெரியாது; அவசர அவசரமாகப் பந்தல் போட்டுக் குழந்தைகளை மணையில் உட்கார்த்தியவர்கள் நாடு முழுக்க ஏராளம்.

மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர் தாங்கியிருக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தைக் கடக்கிறவர்கள் ஒரு நிமிடம் நிற்கலாம். அந்தப் பழக்கத்தின் விளைச்சல் அங்கேதான் கூடியிருந்தது. மயிலாப்பூரில் 1886-ல் பிறந்த சுப்பலட்சுமிக்குப் பதினோரு வயதில் கல்யாணம். சில நாளிலேயே கணவன் போய்விட்டான். மொட்டையடித்து, நார்மடி உடுத்தி, ஒருவேளைச் சோற்றோடு மூலையில் உட்கார வைப்பதுதான் அன்றைய முறை. அவருடைய தகப்பனார் மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கி, அடுத்த ஆண்டு முதல் தன்னைப் போன்ற குழந்தை விதவைகளைத் திரட்டி அவர் வளர்த்ததுதான் சாரதா இல்லம். அது பின்னாளில் ஐஸ் ஹவுஸில் இயங்கியது. பத்து வயது, எட்டு வயது விதவைகள். கடற்காற்று நாளெல்லாம் வீசும் அந்த மாடியில், தாங்கள் பார்த்தே இராத கணவன்மாருக்காகத் தலை மழிக்கப்பட்டிருந்த குழந்தைகள் அகராதியையும் பூகோளத்தையும் படித்தார்கள். ஊர் அவரை சகோதரி சுப்பலட்சுமி என்று கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஒரு விடுதியை நிரப்பும் அளவுக்குக் குழந்தை விதவைகளை உற்பத்தி செய்து கொடுத்ததும் இதே ஊர்.

சாஸ்திரம் என்று சொல்லப்படுவதையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். மனு எட்டு வயதுப் பெண்ணுக்கு இருபத்துநான்கு வயது வரனைச் சொல்கிறார் என்பார்கள், மெய்தான். தகுதியில்லாதவனுக்குக் கொடுப்பதைவிடப் பெண் சாகும் வரை தகப்பன் வீட்டிலேயே இருக்கலாம் என்றும், பூப்புக்குப் பிறகு மூன்று ஆண்டு காத்திருந்து தானே வரன் தேடிக்கொள்ளலாம் என்றும் அதே அத்தியாயத்தில் சொல்கிறாரே, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சுசுருதர் வைத்தியர். பதினாறு நிறையாத பெண் கருவுற்றால் கரு வயிற்றிலேயே அழியும், பிறந்தாலும் நிலைக்காது, நிலைத்தாலும் நோஞ்சானாக இருக்கும் என்று எச்சரித்தார். இன்றைய மகப்பேறு மருத்துவர் ரத்தசோகை, வலிப்பு, எடை குறைந்த குழந்தை, இடுப்பெலும்பு வளராததால் தடைபடும் பிரசவம் என்று விரித்துச் சொல்வதன் சாரம் அது. ரிக் வேதத்தின் சூரியா விவாகத்தில் வரும் மணப்பெண், புகுந்த வீட்டுக்கு அரசியாகப் போகிறவள். பல் விழுந்து முளைக்காத குழந்தை இல்லை. சப்தபதியில் ஏழாம் அடி வைத்ததும் மணமகளைத் தோழி என்று அழைக்கும் மந்திரம் இருக்கிறது. புரோகிதர்கள் அதை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். தோழமைக்கு வயது வேண்டாமா?

தமிழில் தொல்காப்பியர் தலைவனுக்கும் தலைவிக்கும் பொருந்த வேண்டியவை என்று பத்தைச் சொல்லி, அதில் வயதையும் வைத்தார். பதினாலுக்கும் இருபத்தொன்பதுக்கும் எந்த உரையாசிரியரைக் கொண்டு பொருத்தம் பார்ப்பது? வள்ளுவர் தகப்பனின் கடமையாகச் சொன்னது பிள்ளையை அவையில் முந்தியிருக்கச் செய்வது. பந்தியில் முந்த வைப்பது அல்ல. காமத்துப்பாலின் கடைசி அதிகாரங்கள் ஊடலைப் பற்றியவை. ஊடுவதற்கு எதிராளியின் மேல் உரிமை வேண்டும், கோபித்தால் அடி விழாது என்ற நம்பிக்கை வேண்டும். தன்னைவிட இரண்டு மடங்கு வயதானவனிடம் ஒரு சிறுமி எப்படி ஊடுவாள்? அவளால் பயப்பட மட்டும்தான் முடியும்.

கண்ணகிக்குக் கல்யாணத்தின்போது பன்னிரண்டு வயதுதானே என்று கேட்பவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. ஆமாம், பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு. இளங்கோ கதை சொன்னார், விதி எழுதவில்லை. அந்தக் கல்யாணம் என்ன ஆயிற்று என்பதையும் அவர்தான் சொல்லியிருக்கிறார்.

கபாலீசுவரர் கோயிலில் பூம்பாவைக்குச் சந்நிதி இருக்கிறது. பங்குனியில் அறுபத்து மூவர் அன்று காலை, குளக்கரையில் அவள் கதையை நடத்திக் காட்டுகிறார்கள். சேக்கிழார் சொல்லும் கதை தெரிந்ததுதான். ஏழு வயதில் பாம்பு தீண்டி இறந்த மகளின் சாம்பலையும் எலும்பையும் சிவநேசர் குடத்தில் வைத்துக் காத்திருந்தார். திருஞானசம்பந்தர் வந்து பதிகம் பாட, குடத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பெண்ணாக எழுந்தாள். தகப்பன் மகிழ்ந்துபோய், இவளை மணந்துகொள்ள வேண்டும் என்று சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் மறுத்துவிட்டார். உயிர் கொடுத்ததால் தனக்கு மகள் முறை என்பது அவர் சொன்ன காரணம். பூம்பாவை கல்யாணம் இல்லாமலே வாழ்ந்து இறைவனடி சேர்ந்தாள். காணொளி வந்ததற்கு அடுத்த மாதமும் குளக்கரையில் கூட்டம் அலைமோதியது, நீர்மோரும் சுண்டலும் வழங்கினார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணைத் தகப்பனே முன்வந்து கொடுத்தும் ஏற்க மாட்டேன் என்று சொன்னவரின் கதையை ஆண்டுதோறும் கண்ணால் பார்க்கிற ஊர் இது. அதைக் காதில் வாங்கியிருந்தால் 1914-ல் சீனிவாச சாஸ்திரி தோற்றிருக்க மாட்டார்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடம் ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போகிற வழியில் பெண்ணுக்குப் பாதுகாப்பில்லை. அம்மாவும் அப்பாவும் விடிகாலையில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம் பொய்யில்லை. கல்யாணம் செல்லாது என்றால் ஏற்கெனவே குடும்பம் நடத்துகிறவளின் கதி என்ன என்பதும் நல்ல கேள்விதான். அதற்கு 2006 சட்டத்திலேயே விடை இருக்கிறது. கல்யாணம் ரத்தானாலும் பெண்ணுக்கு ஜீவனாம்சம் உண்டு. பிறந்த குழந்தைகள் சட்டப்படியான குழந்தைகள். அந்தப் பாதுகாப்பை அப்படியே வைத்துக்கொண்டு தாலியை மட்டும் செல்லாததாக்கலாம். பதினேழு வயதில் தாங்களாகவே காதலித்து ஓடிப்போகிறவர்களை என்ன செய்வது என்பது வேறு வழக்கு. அதற்கு வேறு மருந்து வேண்டும்.

ஆனால் ‘எங்க பாட்டி பதிமூணு வயசுல கல்யாணம் பண்ணிண்டு வந்தவதான், எண்பது வயசு வரைக்கும் ராணி மாதிரி இருந்தா’ என்ற வாதத்துக்கு மட்டும் இரக்கம் காட்ட முடியாது. எண்பது வரை இருந்த பாட்டியின் படம் கூடத்தில் மாலையோடு தொங்குகிறது. பதினைந்தில் முதல் பிரசவத்தில் போன பாட்டிகளுக்குப் படமில்லை. அடுத்த முகூர்த்தத்திலேயே இரண்டாந்தாரம் வந்துவிட்டாள். பாரதிக்குக் கல்யாணம் நடந்தபோது வயது பதினான்கு, செல்லம்மாவுக்கு ஏழு. அவர்கள் வாழவில்லையா என்றும் கேட்பார்கள். அதை அனுபவித்த பாரதியே பால்ய விவாகத்தை எழுத்தில் விளாசினார் என்பதைக் கேட்கிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கோட்டையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது சிறிய வேலை. கர்நாடகம் போல ஒரு திருத்தம் கொண்டுவந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். பெண்ணின் கல்யாண வயதை இருபத்தொன்றாக உயர்த்த 2021-ல் டெல்லியில் வந்த மசோதா மக்களவையோடு காலாவதியாகிவிட்டது. பதினெட்டையே காப்பாற்றத் தெரியாதவர்கள் இருபத்தொன்றைக் கேட்டதில் என்ன பெருமை? நிச்சயதார்த்தம் என்ற பெயரில் குழந்தைகளுக்குப் பேசி முடித்து வைப்பதையும் தடை செய்யலாமா என்று பாராளுமன்றம் யோசிக்க வேண்டும் என 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையும் அந்தத் திருத்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் நல்ல திட்டம். ஆனால் கல்லூரி வாசல் வரை அவள் வந்து சேர வேண்டுமே.

சட்டம் வரும்போது வரட்டும். அடையாறிலும் மந்தைவெளியிலும் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இன்றைக்கே ஒரு கடமை இருக்கிறது. காலையில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ‘பொண்ணுக்கு நல்ல எடம் வந்திருக்கும்மா, ஒரு இருபதாயிரம் கொடுத்தா மாசாமாசம் கழிச்சுக்கலாம்’ என்கிறார். நாம் தாராளமானவர்கள், கொடுத்துவிடுகிறோம். இரண்டு தடவை கட்டிய பட்டுப்புடவை ஒன்றையும் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம். போன வருஷம்தான் அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்புக்கு நோட்டுப் புத்தகம் வாங்க நம்மிடம் பணம் வாங்கிப் போனாள் என்பது நமக்கு ஞாபகம் வருவதில்லை. வந்தாலும், அவர்கள் வீட்டு விஷயம் நமக்கெதற்கு என்று இருந்துவிடுகிறோம். மண்டபம் வாடகைக்கு விடுகிறவர், சமையலுக்கு ஒத்துக்கொள்கிறவர், புகைப்படக்காரர், மந்திரம் சொல்கிறவர் எல்லோரும் முகூர்த்த நேரத்தைக் கேட்கிறார்கள். மணப்பெண் பிறந்த தேதியைக் கேட்பதில்லை. நடத்தி வைக்கிறவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது.

அந்த அம்மா அடுத்த முறை கேட்கும்போது, பணத்தை எடுப்பதற்கு முன்னால் ‘பொண்ணு எந்தக் கிளாஸ் படிக்கிறா?’ என்று கேளுங்கள். பதில் இழுத்தால், கோபப்படாமல் உட்கார்த்திப் பேசுங்கள். அந்தப் பணத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். கேட்காமல் நாள் குறித்துவிட்டார்கள் என்றால் மாவட்டச் சமூகநல அலுவலருக்குச் சொல்லலாம். தமிழ்நாட்டில் தடை அலுவலர் அவர்தான். ஆள் தேடி அலைய வேண்டாம் என்றால் 1098. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசில்லை.